நாசிக் பள்ளியும் தம்பூரா வீடும்
வளைகுடாக் கரை – 19

சென்ற இதழில் முத்துப்படகுகளை 1912ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். குவைத்தியர்கள் ‘உபரி ஆண்டு’ என்று இன்றும் பேசிக்கொள்ளும் பருவம் அது. அந்தப் படகுகளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர்கள் யார் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஃபஹாஹீலில் வாழும் ஒரு வாசகி இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்தப் பள்ளியில் என்ன வரலாறு படித்தார்கள் என்று கேட்டிருக்கிறார். இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் ஊர். குவைத் நகரிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் ஃபஹாஹீல், மீனையும் முத்தையும் நம்பியிருந்த சிறிய கடற்கரைக் குடியிருப்பு. 1946 ஜூனில் பக்கத்து அஹ்மதித் துறையிலிருந்து முதல் கச்சா எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. ஊரின் தலையெழுத்து மாறியது. இன்று மங்காஃப், அபு ஹலிஃபா, ஃபஹாஹீல் என்று அந்தக் கடலோரம் முழுக்க நம் ஆட்கள். கடலை ஒட்டிய அல்-கூத் மீன் சந்தையில் பேரம் பேசும் குரல்களில் தமிழும் மலையாளமும் வங்காளமும் கலந்து கேட்கும். கடலில் இறங்கியவர்களின் கதையைச் சொல்ல அங்கே கல்வெட்டோ பலகையோ தேடி அலைய வேண்டாம். அந்தக் கதை தாளில் இருக்கிறது. அந்தத் தாளும் வேறு ஊரில் இருக்கிறது.

பிரிட்டிஷ் இந்திய அரசின் அதிகாரி ஜே.ஜி. லோரிமர் தொகுத்த பாரசீக வளைகுடா கெஜட்டியர் 1908இலும் 1915இலுமாக அச்சானது. அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் என்று வைத்திருந்த நூல். ஊர் ஊராகக் கிணறு, ஒட்டகம், பேரீச்ச மரம், படகு, ஆள் எல்லாவற்றையும் எண்ணிவைத்திருக்கிறார் மனிதர். அவர் கணக்குகளைக் கூட்டிப் பார்த்த வரலாற்றாசிரியர் மேத்யூ ஹாப்பர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவைத்திலும் பஹ்ரைனிலும் மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம், கத்தாரில் 22, இன்றைய ஐக்கிய அரபு அமீரகக் கரையில் 28, மஸ்கட்–மத்ராவில் 25 சதவீதம் ஆப்பிரிக்கர்கள் என்கிறார். பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை. விருந்தாளிகளாக வந்தவர்களின் எண்ணிக்கை இப்படி இருக்காது.

அவர்கள் வந்ததற்குக் காரணம் பழைய அரண்மனைப் பகட்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஹாப்பரின் வாதம் வேறு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பாரீஸ், லண்டன், நியூயார்க் சீமாட்டிகளின் கழுத்துக்கு வளைகுடா முத்து போனது. அமெரிக்க மளிகைக் கடைகளுக்கு ஓமான் பேரீச்சம்பழம் போனது. சந்தை பெருத்தது, ஆள் தேவைப்பட்டது. ஆகவே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வடக்கே ஏறிய பாய்மரக்கப்பல்கள் சிறுவர்களை அதிகம் ஏற்றின. சிறுவன் வளர்ந்ததும் மூக்கில் பிடியும் காலில் கல்லும் கட்டி இறக்கலாம். மேலே கயிறு இழுக்க இன்னொருவன். முத்துக்குக் கிடைத்த பங்கு, அவன் அடிமையென்றால், படகுத் தலைவனான நகுதாவின் கணக்கிலிருந்து நேரே எஜமானின் பைக்குப் போகும். அந்த முத்து பம்பாய் வியாபாரிகளின் கைக்கு வந்தது. கடனுக்குப் பணம் தந்தவர்களில் குஜராத்தி வணிகர்களும் இருந்தார்கள். ‘அரபு அடிமை வணிகம்’ என்று நாம் சௌகரியமாகப் பெயர் வைத்துக்கொள்ளும் ஏட்டில் நம் கையெழுத்தும் உண்டு. சான்சிபாரில் 1860 வாக்கில் பிரிட்டிஷ் தூதர் ரிக்பி விடுவித்த ஆயிரக்கணக்கான அடிமைகள் இந்தியர்களின் வீடுகளிலும் தோட்டங்களிலும் இருந்தவர்கள்.

1920களின் கடைசியில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து இந்தத் தொழிலை வீழ்த்தின. சோறு போட முடியாத எஜமானர்கள், விற்கத் துடித்த எஜமானர்கள், ஓடிப்போகத் துணிந்த அடிமைகள். புஷேர், பஹ்ரைன், குவைத், ஷார்ஜா, மஸ்கட் ஆகிய இடங்களில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களின் வாசலில் வந்து நின்றவர்கள் நூற்றுக்கணக்கானோர். எழுத்தர் ஒருவர் கேட்பார், எழுதிக்கொள்வார். பெயர். தகப்பன் பெயர் நினைவிருக்கிறதா. பிறந்த ஊர். எத்தனை வயதில், யார் பிடித்தார்கள். எந்தத் துறையில் இறக்கினார்கள், யாருக்கு விற்றார்கள், எத்தனை பருவம் கடலில் இறங்கினாய், இப்போது ஏன் ஓடிவந்தாய். பதில்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நம்பினால் முத்திரை போட்ட விடுதலைச் சான்று, ஆங்கிலத்திலும் அரபியிலும். நம்பாவிட்டால் கோப்பு மூடப்படும்.

என்னைப் பொறுத்தவரை வளைகுடா ஆப்பிரிக்கர்களின் முதல் வரலாற்று வகுப்பு அந்த வாசல்தான். அதுவரை யாரும் அவர்களிடம் ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்று கேட்டு எழுதிவைத்ததில்லை. கேட்டவன் சாம்ராஜ்யத்தின் எழுத்தன், அவனுக்கு அவனுடைய தேவை இருந்தது என்பது உண்மை. ஆனாலும் ஒருவர் தன் தகப்பன் பெயரையும் ஊரையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்க நேர்ந்தது அங்கேதான். அந்தத் தாள்கள் இந்திய அலுவலகக் கோப்புகளாக லண்டன் சேர்ந்தன. 2014 முதல் அவற்றில் பெரும்பகுதி கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் யாரும் படிக்கலாம். ஃபஹாஹீல் வாசகி தம் கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம்.

சட்டப்படி அடிமை முறை முடிந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: பஹ்ரைன் 1937, குவைத் 1949, கத்தார் 1952, சவூதி 1962, அமீரகக் கரை 1963, ஓமான் 1970. கத்தாரில் எஜமானர்களுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. கவனியுங்கள், எஜமானர்களுக்கு.

இனிப் பள்ளிக்கூடம். குவைத்தின் முதல் முறைப்படியான பள்ளி அல்-முபாரகிய்யா 1911இல் வணிகர்களின் நன்கொடையில் எழுந்தது. கணக்கும் கடிதம் எழுதுவதும் தெரிந்த பிள்ளைகள் வியாபாரத்துக்கு வேண்டியிருந்தார்கள். 1936இல் கல்வி மன்றம் அமைந்தது. பாலஸ்தீனத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். பின்னாளில் எகிப்தியர்களும் சேர்ந்தார்கள். அவர்களோடு அரபு தேசிய வரலாறும் வகுப்புக்குள் வந்தது. எண்ணெய்ப் பணம் வந்தபின் கல்வி இலவசமானது. அடிமையாயிருந்தவரின் மகனும் ஷேக்கின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை நான் சின்ன விஷயமாகச் சொல்லமாட்டேன். இந்தியாவில் பல சாதிகளுக்குக் கிடைக்க இன்னும் போராட வேண்டியிருந்த ஒன்று அது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை. கடலோடிகள் உண்டு, முத்து உண்டு, நகுதாவின் வீரம் உண்டு, 1920 ஜஹ்ரா போர் உண்டு. கயிற்றின் கீழ்முனையில் இருந்தவனைப் பற்றிப் பேச்சில்லை.

இதை முழுக்க முழுக்க அரசின் மறைப்பு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விடுதலையான குடும்பங்கள் பல, பழைய எஜமானின் குலப்பெயரையே தாங்கின. அந்தப் பெயர் பாதுகாப்பும் கொடுத்தது, கல்யாணச் சந்தையில் எட்டாத வேலியையும் காட்டியது. 1959இன் குவைத் குடியுரிமைச் சட்டம் 1920க்கு முன்பே குடியிருந்தவர்களை மூலக் குடிமக்கள் ஆக்கியது. தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்? மானக்கேடு என்று நினைத்த பாட்டி வாயைத் திறக்கவில்லை. சம்பளமும் வீடும் கொடுத்த அரசுக்கும் அந்த மௌனம் வசதியாயிருந்தது. இரண்டு பக்கமும் கூடிக் கட்டிய சுவர்.

நம் பிள்ளைகள் படிப்பதும் இதே கதைதான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை சிபிஎஸ்இ. பத்தாம் வகுப்பு வரலாற்றில் உலக வணிகம் வளர்ந்த கதை ஒரு பாடமாக இருக்கிறது. அதில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வருகிறார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் வருகிறார்கள். 1890களில் ஆப்பிரிக்காவின் மாடுகளைக் கொன்று குவித்த கொள்ளைநோய்கூட விரிவாக வருகிறது. மங்காஃபில் உட்கார்ந்து அதைப் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவிக்கு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் இந்தக் கடலின் அடிமை வணிகம் பற்றிச் சொல்ல அதில் ஆளில்லை. பாடம் அட்லாண்டிக் பக்கமே முகம் திருப்பி நிற்கிறது.

அப்படியானால் இந்தக் கடலின் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் எங்கும் இருந்ததே இல்லையா? இருந்தது. மகாராஷ்டிரத்தில், நாசிக் ஊருக்கு வெளியே.

சரண்பூர் என்பது அந்த இடத்தின் பெயர். சர்ச் மிஷனரி சொசைட்டி 1850களில் அங்கே ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பை ஏற்படுத்தியது. தொடங்கியவர் ஐசன்பர்க், அதற்குமுன் எத்தியோப்பியாவில் ஊழியம் செய்த ஜெர்மானியர். அந்தச் சமயம் பிரிட்டிஷ் கடற்படை, வடக்கே வளைகுடாவை நோக்கி ஏறும் பாய்மரக்கப்பல்களை மடக்கிக்கொண்டிருந்தது. கப்பலைப் பிடித்தாயிற்று, உள்ளே நெருக்கியடித்துக் கிடக்கும் பிள்ளைகளை என்ன செய்வது? எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சொன்னாலும் கொண்டுபோய் விட வழியில்லை. ஏடன், செஷல்ஸ், பம்பாய் என்று இறக்கினார்கள். பம்பாயில் இறங்கியவர்களில் ஒரு பகுதி சரண்பூரின் ‘ஆப்பிரிக்கப் புகலிடம்’ போய்ச் சேர்ந்தது. ஷார்ஜாவில் ஒரு முத்துப்படகில் முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை, காற்றும் கடற்படையும் குறுக்கே வந்ததால் கோதாவரிக் கரையில் சிலேட்டைப் பிடித்தது.

பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். யாவோ இனத்தில் பிறந்த செங்விம்பே என்ற பையன் மேத்யூ வெல்லிங்டன் ஆனான். விவிலியமும் ஆங்கிலமும் கணக்கும் வகுப்பில். தச்சும் கொல்லும் பட்டறையில். வெளியே மராத்தியும் இந்துஸ்தானியும் தானாக ஒட்டிக்கொண்டன. வரலாறு என்று அவர்களுக்குக் கிடைத்தது இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுபட்ட கதை, அப்புறம் இங்கிலாந்து. தங்கள் ஊர் எங்கே, தங்களைப் பிடித்துவந்த பாதை எது, அந்தப் பாதையில் யார் யாருக்கு எவ்வளவு லாபம் என்று அந்தப் பள்ளி பாடம் நடத்தவில்லை. நடத்தியிருந்தால் பாடம் பம்பாய்த் துறைமுகத்துக்கும் வந்து நின்றிருக்கும்.

ஆனால் பள்ளி நினைத்ததையும் மீறி ஒன்று நடந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் யாவோவாக, மகுவாவாக, ந்யாசாக் கரைக்காரராகப் பிறந்து, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் ஒரே கப்பலில் கிடந்தவர்கள், சரண்பூரில் ஒரே கூட்டமானார்கள். ‘பம்பாய் ஆப்பிரிக்கர்கள்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. தாய்நாட்டில் இல்லாத ஒரு ‘நாம்’ தக்காணத்தில் பிறந்தது.

அவர்களில் ஒருவரின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஜேக்கப் வெய்ன்ரைட். 1872இல் ஆய்வுப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனுக்குத் துணையாக அனுப்பப்பட்ட குழுவில் நாசிக் மாணவர்கள் சிலர் இருந்தார்கள். செங்விம்பேயும் ஜேக்கப்பும் அவர்களில் அடக்கம். 1873 மே 1 அன்று இன்றைய ஜாம்பியாவில், சிட்டாம்போ என்ற தலைவரின் கிராமத்தில் லிவிங்ஸ்டன் இறந்தார். அவருடைய பழைய துணைவர்களான சூசியும் சூமாவும் முன்னின்று, இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்து உடலைப் பதப்படுத்தி வெயிலில் உலர்த்தினார்கள். ஜெபம் வாசித்தவரும் மரத்தில் எழுத்தைச் செதுக்கியவரும் ஜேக்கப். பிறகு அந்த உடலைச் சுமந்துகொண்டு பல மாதம் நடந்து பாகமோயோ கரைக்கு வந்தார்கள். 1874 ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நல்லடக்கம் நடந்தபோது, பெட்டிக்குத் துணை நின்றவர்களில் ஜேக்கப்பும் ஒருவர்.

இந்த இடத்தில் லிவிங்ஸ்டனைவிட ஜேக்கப் எனக்கு முக்கியம். அவர் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஆப்பிரிக்கர் ஒருவர் தம் கையால் எழுதிய சான்று அது. கப்பலின் அடித்தளத்தில் சரக்காகக் கிடந்த பையன், ஒரு சாம்ராஜ்ய நாயகனின் கடைசிக் கணக்கை எழுதுகிறவனானான். சரண்பூர் கற்றுக்கொடுத்த எழுத்து சரண்பூர் கற்றுக்கொடுக்காத வேலைக்குப் போயிற்று. அதே லிவிங்ஸ்டன் 1866இல் முதன்முதலாக அழைத்துப்போன நாசிக் பையன்களைப் பற்றிச் சலித்து எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னதைக் கேட்கவில்லையாம். எந்தப் பள்ளியின் பையன்கள் கேட்டார்கள்?

1875இல் மொம்பாசாவுக்கு எதிர்க்கரையில் விடுதலை பெற்றவர்களுக்கென்று ஃப்ரீர் டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது; பம்பாய் ஆளுநராயிருந்த பார்ட்டில் ஃப்ரீரின் பெயர். சரண்பூரை நடத்திய பாதிரியார் பிரைஸ் அங்கே போனார். பம்பாய் ஆப்பிரிக்கர்களும் கடல் கடந்து போனார்கள். புதிதாகக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர்களே ஆசிரியர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்த ஆசிரியர்! உலகத்தில் எத்தனை வகுப்பறைகளுக்கு அது வாய்த்திருக்கும்? கூடவே மனஸ்தாபமும் வந்தது. சம்பளத்திலும் மரியாதையிலும் வெள்ளைப் பாதிரிகளுக்கு ஒரு படி கீழே நிற்க அவர்கள் சம்மதிக்கவில்லை. வெள்ளைப் பாதிரிகளுக்கு அது திமிராகப் பட்டது. அவர்களில் வில்லியம் ஜோன்ஸ் 1864லேயே மொம்பாசாவுக்கு அருகே ரபாய் போனவர். 1885இல் இஷ்மவேல் செம்லரோடு சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். ரபாயில் ஜோன்ஸ் ஓடிவந்த அடிமைகளுக்கு இடம் கொடுத்தார். கரையோர எஜமானர்கள் கொதித்தார்கள், விவகாரம் முற்றியது. கடைசியில் 1889 புத்தாண்டு நாளில் பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்கக் கம்பெனி எஜமானர்களுக்குப் பணம் கொடுக்க, 1,400க்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதலைச் சீட்டு கிடைத்தது. இங்கேயும் பணம் யாருக்குப் போனது என்று பாருங்கள்.

செங்விம்பே என்ற மேத்யூ வெல்லிங்டன் 1935 வரை மொம்பாசாவில் வாழ்ந்தார். இந்தக் கதையை 2007இல் லண்டனின் ராயல் புவியியல் கழகம் கண்காட்சியாக வைத்தது. நாசிக்குக்குத் திராட்சைத் தோட்டத்தையும் கும்பமேளாவையும் பார்க்கப் போகிற நம் சுற்றுலாக்காரர்களில் எத்தனை பேர் சரண்பூர் சாலையில் இந்த நினைப்போடு நடந்திருப்பார்கள்?

இதே கதைக்குத் தெற்கே ஒரு கிளை. 1888இல் ஆஸ்ப்ரே என்ற போர்க்கப்பல் செங்கடலில் மடக்கிய கப்பல்களிலிருந்து ஓரோமோ இனக் குழந்தைகள் ஏடனுக்கு வந்தார்கள். அவர்களில் 64 பேரை ஸ்காட்லாந்து மிஷன் 1890இல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளிக்கு அனுப்பியது. பிஷோ ஜார்சா என்ற சிறுமி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் பேரன் நெவில் அலெக்சாண்டர். நிறவெறி ஆட்சியில் 1964 முதல் 10 ஆண்டு ராபன் தீவுச் சிறையில் இருந்தவர். பிறகு கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய கல்வியாளர். பாட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்த பள்ளி தராத பாடத்தைப் பேரன் கேட்டு வாங்கப் புறப்பட்டான் என்று சொல்லலாம்.

வளைகுடாவுக்குத் திரும்புவோம். இங்கே சரண்பூர் இல்லை, லவ்டேல் இல்லை. கப்பல் மடக்கப்படாமல் போய்ச் சேர்ந்தவர்களின் ஊர் இது. ஆனால் நினைவைக் காக்க ஓரிடம் இருந்தது. தம்பூரா வீடு.

தம்பூரா என்றதும் கச்சேரியில் சுருதி மீட்டும் நம் தம்புராவை நினைக்க வேண்டாம். யாழுக்குத்தான் இது கிட்ட உறவு. தோல் போர்த்திய பெருங்கிண்ணம், மேலே இரண்டு கைகள், குறுக்கே ஒரு கட்டை, ஆறு நரம்புகள். சூடான், நூபியா பக்கத்து வாத்தியம். பஸ்ரா, குவைத், பஹ்ரைன் எங்கும் ஆப்பிரிக்க வம்சத்தார் கூடும் வீடுகளில் அது இருந்தது. கூடவே பறைகள், கூடவே மஞ்சூர். மஞ்சூர் என்பது ஆட்டுக் குளம்புகளை நூற்றுக்கணக்கில் கோத்த இடைக்கச்சை. கட்டிக்கொண்டு ஒருவர் இடுப்பை அசைத்தால் ஆற்றங்கரைச் சரளைக் கல்லில் வெள்ளம் புரள்கிற சத்தம். நோயாளியை நடுவில் உட்காரவைத்து, அவரைப் பிடித்த ஆவி எது என்று பாட்டு மாற்றி மாற்றி விசாரிப்பார்கள். டென்மார்க் இசை ஆய்வாளர் பௌல் ரோவ்சிங் ஓல்சன் 1958 முதல் பஹ்ரைனில் இவற்றை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். பாடுகிறவர்களுக்கே அர்த்தம் விளங்காத சொற்கள் அந்தப் பாட்டுகளில் இருக்கும். அர்த்தம் போனாலும் வரிசை போகவில்லை.

லைவா இன்னொன்று. திறந்த வெளியில் நடப்பது. நடுவில் நாயனத்தைப் போன்ற சுர்னா ஊதுகிறவர், நின்றுகொண்டே அடிக்கும் உயரமான முசொந்தோ மத்தளம், தகர டின்னில் தாளம். சுற்றிலும் ஆட்கள் வட்டமாக நகர்வார்கள். பாட்டில் சுவாஹிலி. அமீரகத்தின் கல்யாணங்களிலும் தேசிய விழாக்களிலும் இன்று இதைக் காணலாம். தொலைக்காட்சியில் ‘நமது கடலோரப் பாரம்பரியம்’ என்று அறிவிப்பார்கள். மத்தளம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அறிவிப்பாளர் சொல்லமாட்டார். அரசு தாளத்தைத் தத்தெடுத்துக்கொண்டது, தாளம் வந்த கப்பலை விட்டுவிட்டது.

நம் பக்கமும் இதே முறைதான். இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் மஞ்சா பாடும் காப்பிரிக் குடும்பங்கள், குஜராத்தின் ரத்தன்பூரில் பாவா கோர் தர்காவில் தமால் ஆடும் ஆப்பிரிக்க வம்சத்துச் சித்திகள் — எல்லோரிடமும் பாட்டே ஏடு. முஸ்லிம்களான வளைகுடா ஆப்பிரிக்கர்களும் சித்திகளும் பிலால் (ரலி) அவர்களைத் தம் முன்னோராகப் போற்றுகிறார்கள். நபிகளார் காலத்தில் முதல் பாங்கு சொன்ன, விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர். கப்பலில் தொடங்காத ஒரு வரலாறு வேண்டும் என்று தேடியவர்களுக்கு அவரைவிட நல்ல தொடக்கம் ஏது?

ஆனால் மத்தளத்திலிருந்து பள்ளிக்கூடம் பிறக்க முடியும் என்று காட்டிய ஊர் ஒன்று உண்டு. பிரேசிலின் சல்வடோர். 1974இல் லிபெர்தாஜி பகுதியில் கறுப்பின இளைஞர்கள் இலே அய்யே என்ற திருவிழா மேளக்குழுவைத் தொடங்கினார்கள். அதன் தாய்வீடு, மாய் ஹில்டா என்ற பெண்மணி தலைமை தாங்கிய ஆப்பிரிக்க வழிபாட்டு இல்லம். 1988இல் அதே இல்லத்துக்குள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக அவர் பெயரில் பள்ளி திறந்தார்கள். திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஆப்பிரிக்க நாட்டையோ கலகத்தையோ எடுத்துப் பாட்டுக் கட்டுவார்கள். அதுவே வகுப்பிலும் பாடமாகும். 2003இல் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க–பிரேசில் வரலாற்றை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கிய 10.639ஆம் எண் சட்டம் இதுபோன்ற பல குழுக்களின் நீண்ட நெருக்கடிக்குப் பிறகு வந்தது. சல்வடோரின் வழிபாட்டு இல்லத்துக்கும் குவைத்தின் தம்பூரா வீட்டுக்கும் வேலை ஒன்றுதான்: நோய் தீர்ப்பது, முன்னோரை அழைப்பது, கூடியிருப்பது. அங்கே மேளக்காரர்கள் சங்கம் வைக்கவும் ஊர்வலம் போகவும் அரசைத் திட்டவும் முடிந்தது. இங்கே அந்த இடம் இல்லை. நான் பார்க்கும் பெரிய வேற்றுமை அதுதான். மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தபடி.

இடம் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதை ஃபஹாஹீலிலிருந்து வடக்கே எல்லை தாண்டினால் பார்க்கலாம். பஸ்ரா. பழைய பஸ்ரா நகரம் இருந்த இடத்தில் இன்று இருப்பது ஜுபைர். 869இல் அந்தச் சுற்றுவட்டாரச் சதுப்பில்தான் ஸன்ஜ் எனப்பட்ட கிழக்காப்பிரிக்க அடிமைகளின் கலகம் வெடித்தது. நிலத்தின் மேல் படிந்த உப்புப் பற்றைச் சுரண்டிக் குவித்து, அடியில் உள்ள மண்ணை விளைநிலமாக்குவது அவர்கள் வேலை. கூட்டங்கூட்டமாக, கொஞ்சம் மாவும் பேரீச்சையும் கூலியாக. அலீ இப்னு முஹம்மத் என்பவர் அவர்களைத் திரட்டினார். அவர் ஸன்ஜ் அல்லர். சில ஆண்டுகள் அல்-அஹ்ஸா பக்கம் ஆள் சேர்த்துப் பார்த்துத் தோற்றுவந்தவர். 871இல் பஸ்ரா விழுந்தது. அல்-முக்தாரா என்ற தலைநகரமே கட்டினார்கள். அப்பாஸியக் கலீஃபாவின் தம்பி அல்-முவஃபக் 883இல் அதை அழிக்கும்வரை, 14 ஆண்டு.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வரலாற்றாசிரியர் அல்-தபரி எழுதியது. அவர் கலகத் தலைவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதைவிடத் திட்டிக் குறிப்பிடுவதே அதிகம்: துஷ்டன், அல்லாஹ்வின் பகைவன். பல நூற்றாண்டு அரபுப் பாடங்கள் அந்த வசையிலேயே நடந்தன. 20ஆம் நூற்றாண்டின் இடதுசாரி எழுத்தாளர்கள் திருப்பிப் போட்டு வர்க்கப் புரட்சி என்றார்கள். பஸ்ராவின் கறுப்பினத்தவருக்கோ அது தாத்தன் கதை. ஆனால் ஆசிரியருக்கு இங்கே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கலகக்காரர்கள் தாங்கள் வென்ற ஊர்களில் பிடித்தவர்களைத் தாங்களே அடிமையாக வைத்துக்கொண்டார்கள். அதை வகுப்பில் சொல்லாமல் விட்டால் அதுவும் பாதியை மட்டும் சொல்லும் குவைத்தின் ஜஹ்ரா பாடம் மாதிரிதான் ஆகும்.

2007இல் பஸ்ராவில் ஜலால் தியாப் ‘சுதந்திர ஈராக்கியர் இயக்கம்’ தொடங்கினார். கறுப்பினத்தவரைத் தனிச் சிறுபான்மையாக ஏற்க வேண்டும், தேர்தலில் இடம் ஒதுக்க வேண்டும், ‘அப்த்’ (அடிமை) என்று கூப்பிடுவதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்று கேட்டார். ஒபாமாவின் வெற்றி அவர்களுக்கு ஊக்கம் தந்தது. 2009 ஜனவரி மாகாணத் தேர்தலில் வேட்பாளர்களை நிறுத்தினார்கள், ஒருவரும் வெல்லவில்லை. 2013 ஏப்ரல் 26 அன்று ஜுபைரில் ஜலாலைச் சுட்டுக்கொன்றார்கள்.

தெற்கே கத்தார் வேறு வழியில் போயிருக்கிறது. தோஹாவின் முஷைரிப் பகுதியில் அடிமை வியாபாரி ஒருவரின் பழைய வீட்டை 2015இல் பின் ஜல்மூத் இல்லம் என்ற அருங்காட்சியகமாக்கினார்கள். அடிமைத்தனத்தின் வரலாற்றுக்கென்றே வளைகுடாவில் உள்ள காட்சிசாலை. முத்துக்குளிப்பவனின் கதையோடு இன்றைய உழைப்புச் சுரண்டலையும் சொல்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளியை முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் கஃபீல் முறையின் வேரை முத்துப்படகின் கடன் ஏட்டில் தேடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கத் தனி இதழ் வேண்டும். விமர்சகர்கள் இந்த அருங்காட்சியகத்தை விளம்பரம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அரபியில், ஒரு வளைகுடா அரசின் செலவில், ஒரு வளைகுடாப் பள்ளிப் பிள்ளை வாசிக்கும்படி அந்தச் செய்தி சுவரில் ஏறியிருக்கிறது. குவைத்தில் அப்படி ஒரு சுவர் இன்னும் எழவில்லை.

ஃபஹாஹீல் வாசகி தம் கடிதத்தின் முடிவில், இந்தியாவில் இன்று சித்திப் பிள்ளைகளின் நிலை என்ன என்றும் கேட்டிருந்தார். குஜராத்தின் கிர் காட்டோரம் ஜாம்பூர் என்ற சித்தி ஊர் இருக்கிறது. அங்கே ஹீராபாய் லோபி, பெண்களைச் சேமிப்புக்கும் உழவுக்கும் திரட்டியதோடு சித்திக் குழந்தைகளுக்குப் பால்வாடிகளும் நடத்திவந்தார். 2023இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரச் சித்திகள் 2003இல் பட்டியல் பழங்குடியானார்கள். விடுதி, உதவித்தொகை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அகமது நகர் அரசைத் தாங்கிப் பிடித்து, முகலாயரை ஆண்டுக்கணக்கில் தக்காணத்தில் தடுத்த மாலிக் அம்பரும் இப்படி விற்கப்பட்டு வந்த சிறுவன்தான் என்பதை ஹளியாள் விடுதிப் பையனுக்கு யாராவது சொல்கிறார்களா என்பது அந்தந்த ஆசிரியரைப் பொறுத்தது.

அடுத்த இதழில் 1964 ஜனவரி, சான்சிபார் புரட்சி: எதிர்த்திசையில், ஆப்பிரிக்காவிலிருந்து ஓமானுக்குச் சுவாஹிலி பேசிக்கொண்டு திரும்பிவந்த அரபுக் குடும்பங்களின் கதை.

(தொடரும்)